திகில் இதழ் அட்டை: திரையில் மிரட்டுகிறது, தாளில் சோபிக்கவில்லை

இரவுப்பூனை, பிரிக்பீல்ட்ஸ்
திகில் சிறுகதைகளுக்கென்றே ஓர் இதழ். ஏ4 அளவு, 64 பக்கம், நடுவில் கம்பித் தையல், 500 பிரதி. அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் தலைவிரி கோலமாக ஒரு பெண், இதழின் பெயர் சிவப்பில் ரத்தம் சொட்டுகிறது. மாதிரி எடுத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பல் பூத்திருக்கிறது, பெயர் எடுபடவே இல்லை. எங்கே தப்பு?

மைச்சட்டி, பினாங்கு
கறுப்பு மையை மட்டும் 100 சதவீதம் வைத்திருப்பீர்கள். ஒரே மை பரந்த இடத்தில் வெளிறித்தான் நிற்கும். சயான் (பச்சை கலந்த நீலம்) 60, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று வையுங்கள், கூட்டினால் 240. 300ஐத் தாண்டினால் மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். இந்தக் கறுப்புக்குள் பொடி வெள்ளை எழுத்து மட்டும் வேண்டாம். மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தட்டில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் சுழி அடைந்துவிடும்.

சிவப்பு விஷயம்: திரையிலேயே கறுப்பின்மேல் சுத்தச் சிவப்பின் ஒளி வேறுபாடு 5.25க்கு 1தான், மஞ்சளுக்கு 19.5க்கு 1. அச்சில் சிவப்பு இன்னும் அமுங்கும். பெயரை மஞ்சளில் போட்டு, சிவப்பைப் படத்தில் ஒரே ஓர் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்புசுழி, செந்தூல்
ரத்தச் சொட்டுதான் எனக்கு உறுத்துகிறது. தமிழில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அடியில் இருக்கும் சின்ன வால்தான் வித்தியாசம். கால் அடியில் ஒரு சொட்டு தொங்கினால் 'ா' 'ர' ஆகிவிடும். மேலே தெறித்த துளி புள்ளியாகத் தெரியும், உண்மையான புள்ளி தெறிப்புக்குள் தொலையும். 'பேய்' 'பேய' ஆகும். ட, ப, ம மாதிரி அடி தட்டையான எழுத்தில் மட்டும் சொட்ட விடுங்கள்.

அடுத்தது படம். 1958இல் தொடங்கிய அமெரிக்கத் திகில் பட இதழான 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்'க்கு ஓவியர் பேசில் கோகோஸ் வரைந்த அட்டைகளைப் பாருங்கள்: ஒரே முகம் தாளை நிறைக்கும், அதன்மேல் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஒளி விழும். 1979இல் தொடங்கிய இன்னொரு திகில் பட இதழ் 'ஃபாங்கோரியா' இடது ஓரத்தில் ஃபிலிம் சுருள் போலச் சின்னப் படங்களை அடுக்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டாமலே தெரிந்துவிடும். உங்கள் பெண்ணை முழு உருவமாகக் காட்டாமல் முகத்தை நெருக்கி, பாதியை இருட்டில் விடுங்கள். வெள்ளைச் சேலையும் கூந்தலும் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. பின்னால் எஸ்டேட் லயமோ (தொழிலாளர் வரிசை வீடு) பழைய கடைவீட்டு அஞ்சடியோ (கடை முன் நடைபாதை) இருந்தால் நம் ஊர் வாசகருக்கு வயிற்றைப் பிசையும். கடையில் இதழ்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். பெயரும் கண்களும் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும்.

இரவுப்பூனை
நன்றி அண்ணே. மேல்பூச்சு பளபளப்பா, மேட்டா?

மைச்சட்டி
மேட். பளபளப்பு போட்டால் கடை டியூப்லைட் கறுப்பில் கண்ணாடி மாதிரி அடிக்கும். ஆனால் சாதா மேட்டில் நகம் பட்டாலே கோடு விழும். கீறல் தாங்கும் மேட் கேளுங்கள். கண்களுக்கு மட்டும் ஸ்பாட் யுவி, அதாவது அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு, போட்டால் ஈரமாக மின்னும். அட்டைக்கு 260 கிராம் ஆர்ட் கார்டு (கெட்டியான வழவழப்புத் தாள்) என்றால் மடிக்குமுன் மடிப்புக் கோடு அழுத்தச் சொல்லுங்கள். தாளின் நார் இதழின் முதுகு மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே போனால் மடிப்பில் கறுப்பு வெடித்து வெள்ளை தெரியும்.