குளிரில் கோல்ஃப்: தடித்த ஜாக்கெட் அணிந்தும் உடல் நடுங்குகிறது, ஸ்விங்கும் முழுமையாக வரவில்லை, ஆலோசனை தேவை

கேள்வி – மந்தைவெளி

அனைவருக்கும் வணக்கம். அறுபது வயதைக் கடந்தவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையில் விடியற்காலையில் தவறாமல் கோல்ஃப் ஆடி வருகிறேன். இங்கே ஒரு பருத்தி டி-ஷர்ட்டும் தொப்பியும் இருந்தால் ஆண்டு முழுவதும் போதும் என்பதால், குளிருக்கு உடுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எழுந்ததில்லை.

கடந்த டிசம்பரில் உதகையில் காலை வேளையில் ஆடியபோது, பருத்தி பனியன், அதன் மேல் முழுக்கை சட்டை, அதற்கும் மேல் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஜாக்கெட் என்று உடுத்தியிருந்தேன். மேடேறி நடக்கும்போது உள்ளே வியர்த்துக் கொட்டியது. குழியைச் சுற்றியுள்ள கிரீனில் மற்றவர்கள் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கை முடிக்கும்வரை நின்றபோது முதுகெல்லாம் சில்லிட்டு நடுக்கம் எடுத்தது. ஜாக்கெட்டின் கை தோளைப் பிடித்து இழுத்ததால் பின் ஸ்விங் (அடிப்பதற்கு மட்டையைப் பின்னால் ஓங்குவது) பாதியிலேயே நின்றது. விரல்கள் மரத்துப் போய், மட்டையின் கிரிப்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை.

வரும் பிப்ரவரி இறுதியில் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறேன். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆடுவதற்கு மருமகன் ஏற்பாடு செய்து வருகிறார். பல ஆண்டுக் கனவு இது. குளிரினால் அது வீணாகிவிடக் கூடாது என்று மிகவும் கவலைப்படுகிறேன். இன்னும் தடித்த ஜாக்கெட் வாங்க வேண்டுமா? மங்கி குல்லாவும் மஃப்ளரும் போதுமா? விமானத்தில் எடை வரம்பும் உண்டு என்பதால், எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – வேளச்சேரி

ஐயா, வணக்கம். சில ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் பணிபுரிந்து, அங்கே குளிர்காலத்திலும் ஆடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கூறியதைப் பார்த்தால், உதகையில் உங்களை நடுங்க வைத்தது வெளிக்குளிரைக் காட்டிலும் உள்ளே தேங்கிய வியர்வைதான். பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது துணியின் இழைகளுக்கு இடையே சிறைப்பட்டிருக்கும் காற்று. அந்த இடத்தை ஈரம் பிடித்துக்கொண்டால், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் தண்ணீர் உடற்சூட்டை வெளியே இழுத்துவிடும். நடக்கும்போது வியர்ப்பது, நிற்கும்போது உறைவது என்ற இந்தச் சுழற்சி கோல்ஃபில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. ஆகவே இன்னும் தடித்த ஜாக்கெட் உங்கள் தொல்லையைக் கூட்டவே செய்யும்.

உடலோடு ஒட்டும் முதல் அடுக்கிலிருந்து பருத்தியை முற்றிலும் நீக்கிவிடுங்கள். மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ செய்த மெல்லிய முழுக்கை தெர்மல் அங்கே இருக்க வேண்டும். அது தொளதொளவென்று இல்லாமல் உடம்பைப் பிடித்தாற்போல் இருந்தால்தான் வியர்வையை வெளிப்புறம் கடத்தும். அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. கழுத்திலிருந்து பாதி மார்பு வரை ஜிப் உள்ளதாக எடுத்தால், மேடேறும்போது திறந்துவிட்டு, நிற்கும்போது மூடிக்கொள்ளலாம். அந்த ஜிப்பை ஹோலுக்கு ஹோல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதுதான் குளிர்கால ஆட்டத்தின் முக்கியமான பழக்கம் என்று நான் கருதுகிறேன். வியர்த்த பிறகு திறப்பதில் பயனில்லை. உடம்பு சூடேறுவது தெரிந்தவுடனேயே திறந்துவிட வேண்டும்.

தோள் இழுப்பதற்குத் தீர்வு கையில்லாத ஜாக்கெட். மார்பும் முதுகும் சூடாக இருந்தால் கைகளுக்குப் போகும் இரத்தம் குறையாது; அக்குளிலும் தோளிலும் தடித்த துணி இல்லாததால் ஸ்விங்கும் தடைபடாது. இவற்றுக்கெல்லாம் மேலே, காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலுடை ஒன்று பையில் இருக்கட்டும்; அதுவும் கோல்ஃபுக்கென்றே தைத்ததாக, நீண்டு கொடுக்கும் துணியாக இருந்தால் நல்லது.

இந்தக் கடைசி அடுக்கைத்தான் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு நீங்கள் விட்டுவிடவே கூடாது. பிப்ரவரி இறுதியில் அங்கே பகல் வெப்பநிலை 7, 8 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதிகாலையில் 1, 2 டிகிரி வரை இறங்கும். எண்ணைப் பார்த்தால் உதகையின் குளிர்கால விடியலைவிடக் கடுமையாகத் தோன்றாது. ஆனால் மைதானம் வட கடலோரத்தில் மரங்களே இல்லாத திறந்த வெளியில் இருக்கிறது. 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது 0 டிகிரி போலத் தோன்றும். ஃப்ளீஸ் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் காற்றைத் தடுக்காது. சல்லடை போல உள்ளே விட்டுவிடும்.

மறுமொழி – அண்ணா நகர்

மங்கி குல்லாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஐயா. அது பந்தை நோக்கித் தலை குனியும்போது கன்னத்தருகே நகர்ந்து ஒரு கண்ணின் ஓரப் பார்வையை மறைக்கும். காதை மூடும் சாதாரணக் கம்பளிக் குல்லாவே போதும். மஃப்ளரின் நுனி ஸ்விங்கின்போது அவிழ்ந்து முன்னால் விழும் என்பதால், கழுத்தைச் சுற்றிக் குழாய் போல மாட்டிக்கொள்ளும் மெல்லிய துணியை வாங்குங்கள். குளிர்ந்த காற்று வரும்போது அதை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொள்ளலாம்.

கேட்டவர் – மந்தைவெளி

மிக்க நன்றி. வேளச்சேரி நண்பர் எழுதியதைப் படித்த பிறகுதான் உதகையில் நடந்தது எனக்குத் தெளிவாகப் புரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான் எனும்போது, வாங்கும் உடை சரியானதுதானா என்று இங்கிருந்தபடியே எப்படிச் சோதிப்பது? இரண்டாவதாக, கைகளுக்கு என்ன செய்வது? தடித்த கம்பளிக் கையுறை அணிந்தால் கிரிப் நழுவுகிறது. கழற்றினால் விரல் மரக்கிறது.

மறுமொழி – நுங்கம்பாக்கம்

வணக்கம் ஐயா. கைகளைப் பற்றி என் அனுபவத்தை எழுதுகிறேன். எனக்கும் குளிரில் முதலில் தளர்வது விரல்கள்தான் என்பதால் இதில் நிறைய யோசித்திருக்கிறேன்.

அடிக்கும்போது அணிவது வேறு, நடக்கும்போது அணிவது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு, குளிர்காலத்துக்கென விற்கும் மெல்லிய கோல்ஃப் கையுறைகளை இரண்டு கைகளுக்கும் ஜோடியாக வாங்க வேண்டும். மழைக்கான கையுறைகளும் ஜோடியாகவே கிடைக்கும். அவை நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். நடப்பதற்கு, விரல்கள் தனித்தனியாகப் பிரியாத, பை போன்ற பெரிய கையுறை வேண்டும். உள்ளே நான்கு விரல்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு தங்கும். மெல்லிய கையுறையைக் கழற்றாமலே அதன் மேல் இதை மாட்டலாம். அடிக்க வேண்டிய நேரத்தில் இதை மட்டும் உருவி மட்டைப் பையின் மேல் வைத்தால் போதும்.

அந்தப் பெரிய கையுறைக்குள் சூடேற்றும் பொட்டலம் ஒன்றை வையுங்கள். அதில் இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், சிறிதளவு ஈரம் ஆகியவை இருக்கும். உறையைப் பிரித்துக் காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கி, அந்த வினையில் வெப்பம் வெளிவரும். பிரித்தவுடன் சூடேறாது என்பதால் முதல் டீக்கு (முதல் பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு) போவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிரித்து விடுவது நல்லது. பேட்டரியில் இயங்கும் சூடேற்றி வாங்கினால், லித்தியம் பேட்டரி உள்ள அதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்லுங்கள்.

பலரும் மறந்துவிடுவது மணிக்கட்டு. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தாலும், குளிர் அந்த வழியாகத்தான் ஏறும். கட்டைவிரலை நுழைத்துக்கொள்ள ஓட்டையுள்ள தெர்மல் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு உதவும். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை, புல்லைக் காப்பதற்காக, ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையே உள்ள புல்தரையில்) கிடக்கும் பந்தைச் சிறு பாய் ஒன்றின் மீது வைத்துத்தான் அடிக்க வேண்டும். பாயை விரித்து, அடித்து, மீண்டும் எடுத்து என்று கைக்கு வேலை கூடுதல். ஆகவே பெரிய கையுறை ஒரே இழுப்பில் கழன்று வரும்படி தளர்வாக இருக்கட்டும்.

மறுமொழி – வேளச்சேரி

சோதிப்பது பற்றி: மேலுடையைக் கடையிலேயே பார்த்துவிடலாம். துணியை வாயோடு அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சுப் பட்டால் அது காற்றைத் தடுக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்த பின் அதன் கையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும், ஊறிப் பரவக் கூடாது.

பிறகு எல்லா அடுக்குகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அணிந்து, ஏசியை 18 டிகிரியில் வைத்து, ஏதேனும் ஒரு அயர்ன் மட்டையைக் கையில் பிடித்து மெதுவாகப் பின் ஸ்விங் செய்து பாருங்கள். இடது கையை வலப்பக்கம் முழுதாகக் கொண்டுபோகும்போது அக்குளில் துணி இழுபடுகிறதா, இடுப்புப் பக்கம் உடை மேலேறி முதுகு வெளியே தெரிகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தெர்மலை பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டால் முதுகு வெளித்தெரியாது. தெர்மலையும் ஸ்வெட்டரையும் சென்னையில் விளையாட்டுப் பொருள் கடைகளிலேயே வாங்கலாம். சாலையோரத்தில் குளிர்காலத்தில் விரிக்கும் கம்பளிக் கடைகளில் அழகான ஸ்வெட்டர்கள் கிடைத்தாலும், அவை பெரும்பாலும் கனமானவை, ஸ்விங்குக்கு உதவாது. மழை உடையை மட்டும் எடின்பரோவில் வாங்குவது என் பரிந்துரை. அங்கே தேர்வு அதிகம், உங்கள் எடை வரம்பும் மிச்சமாகும்.

மறுமொழி – மருத்துவர், கீழ்ப்பாக்கம்

உடைக்கு அப்பாற்பட்ட ஒன்றையும் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு விரல்கள் சில்லிடுவது அந்த மருந்தின் பரவலாக அறியப்பட்ட பக்கவிளைவு. உங்கள் மருந்து அந்த வகையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளிரில் விரல்கள் வெளுத்து, பின் நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து வலித்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டுப் பொட்டலத்தைக் காலணிக்குள் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். ஆட்டத்துக்கு நடுவே மது அருந்திச் சூடேற்றிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு ஏறியது போலத் தோன்றுமே தவிர, உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கிறது. குளிர் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும் என்பதால், முதல் டீயில் நேரடியாக டிரைவர் என்ற நீண்ட மட்டையை எடுத்து ஓங்கி அடிக்காமல், பத்து நிமிடம் வேகமாக நடந்து, தோளையும் இடுப்பையும் தளர்த்திய பிறகு தொடங்குங்கள். நடக்கையில் மார்பு இறுகுவது போல் இருந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கேட்டவர் – மந்தைவெளி

மருத்துவர் ஐயாவுக்கு மிக்க நன்றி. நான் உட்கொள்ளும் மாத்திரை நீங்கள் கூறிய வகைதான் என்று எங்கள் குடும்ப மருத்துவர் உறுதிப்படுத்தினார். மருந்தை மாற்ற வேண்டியதில்லை, கைகளை நன்கு மூடிக்கொண்டால் போதும் என்றார். நுங்கம்பாக்கம் சகோதரி கூறியபடி இரண்டு வகைக் கையுறைகளுக்கும் சொல்லிவிட்டேன். தெர்மலும் கையில்லா ஜாக்கெட்டும் வாங்கி வீட்டில் ஸ்விங் செய்து பார்த்தேன், தோள் இழுக்கவில்லை.

குளிரில் பந்து குறைவான தூரமே போகும் என்கிறார்கள். ஆனால் உதகையில் விரல் மரத்திருந்தும், சரியாகப் பட்ட பந்துகள் கிரீனைத் தாண்டிப் போயின. செயின்ட் ஆண்ட்ரூஸில் எதை எதிர்பார்ப்பது?

மறுமொழி – வேளச்சேரி

உதகையில் உயரம் உங்களுக்குத் துணை நின்றது, ஐயா. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கினாலும், மொத்தத்தில் அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகவே இருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் நம் சென்னையைப் போலவே கடல்மட்டத்தில் உள்ளது. அங்கே 5 டிகிரியில் காற்று, சென்னையின் 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 9 சதவீதம் அடர்த்தியானது. பந்தின் ரப்பர் உட்கருவும் குளிரில் இறுகித் துள்ளலை இழக்கிறது. அடுக்கு உடையினால் ஸ்விங்கின் வேகமும் சிறிது குறையும். 7 அயர்ன் எடுக்கும் தூரத்துக்கு 6 அயர்னைத் தயங்காமல் எடுங்கள் (எண் குறையக் குறைய அந்த மட்டையில் பந்து அதிக தூரம் போகும்). எதிர்காற்றென்றால் 5 கூட எடுக்கலாம். வேகமாக அடித்து ஈடுசெய்ய முயல வேண்டாம். குளிரில் இறுகிய முதுகுத் தசைக்கு அது நல்லதன்று.

மட்டைகளையும் பந்துகளையும் முந்தைய இரவு காரில் விடாமல் வீட்டுக்குள் வைத்திருங்கள். ஆனால் சூட்டுப் பொட்டலத்தோடு பந்தை வைத்துச் சூடேற்றிவிடாதீர்கள். பந்தின் தன்மையை மாற்ற வேண்டுமென்றே சூடேற்றி அதை அடிப்பது கோல்ஃப் விதி 4.2-இன்படி தகுதியிழப்புக்குரியது. கைகளைச் சூடேற்றிக்கொள்ளத் தடையேதும் இல்லை.

கேட்டவர் – மந்தைவெளி

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: காலுக்கு இரண்டு சாக்ஸ் அணியலாமா?

மறுமொழி – அண்ணா நகர்

வேண்டாம், ஐயா. இறுக்கமான காலணிக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். கம்பளிச் சாக்ஸ் ஒன்று போதும். அதை அணிந்த நிலையிலேயே காலணியை அளவு பார்த்து வாங்குங்கள், உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும். சென்னையில் நாம் அணியும் வலைத்துணிக் காலணிகளை அங்கே எடுத்துப் போகாதீர்கள். பனி ஈரத்தில் முதல் ஹோலிலேயே ஊறிவிடும். நீர் புகாத காலணி வேண்டும். மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மட்டைப் பையில் வைத்திருங்கள்.