ஆர்ட் ஜர்னல்ல பேப்பர் சுருங்குது, என்ன பண்ண?

கத்துக்குட்டி: மனசுல இருக்கறத கலரா கொட்டலாம்னு ஆர்ட் ஜர்னல் ஆரம்பிச்சேன், சாதாரண கோடு போட்ட நோட்டுதான், வாட்டர்கலர் வச்சா சுருங்கி பின்பக்கம் வரைக்கும் ஊறுது. புது நோட்டு வாங்கணுமா?

மைக்கறை: அந்த பேப்பர் 60, 70 ஜிஎஸ்எம்தாங்க (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கற கணக்கு) இருக்கும், தண்ணி தாங்காது. ரெண்டு மூணு தாளை சேர்த்து ஒட்டி, காஞ்சதும் மேல ஜெஸ்ஸோ (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கற வெள்ளை ப்ரைமர்) மெல்லிசா ஒரு கோட் அடிங்க, ஆனா அதுமேல வாட்டர்கலர் சரியா பிடிக்காது, அக்ரிலிக் பெட்டர். வாட்டர்கலர்தான் வேணும்னா 300 ஜிஎஸ்எம்.

மொட்டமாடி: 300 எல்லாம் விலை ஜாஸ்தி, அப்புறம் நல்ல பேப்பர்னாலே கெடுத்துடுவோமோன்னு கை வராது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ 1954ல சாகறவரைக்கும் வச்சிருந்த டைரில கொட்டின மைக்கறையவே உருவமா மாத்தியிருப்பாங்க, ஊறினா ஊறட்டும் விடுங்க.

கத்துக்குட்டி: சரி, வீட்ல யாராச்சும் எடுத்துப் படிச்சா?

மைக்கறை: எழுதிட்டு அதுமேலயே பெயிண்ட் அடிச்சிடுங்க 😄