நியூ எக்கோட்டா அச்சகத்தில் சந்தித்த பாட்டி

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் 1838-ஆம் ஆண்டின் கண்ணீர்ப் பாதையைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்க அரசு படையை வைத்து அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியதில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜார்ஜியாவில் கல்ஹூன் ஊருக்கு அருகிலுள்ள நியூ எக்கோட்டாவைப் பார்த்த பிறகு, அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள்தான் என்னை விடாமல் துரத்துகின்றன.

அது அவர்களுடைய தலைநகரம். இன்று பெரும்பாலும் புல்வெளி. நடுவே திரும்பக் கட்டியெழுப்பிய சில வீடுகள், ஓர் அச்சகம். 1828 பிப்ரவரியில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' பத்திரிகை இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா என்ற செரோக்கி 1821-இல் உருவாக்கி முடித்த எழுத்திலும் ஆங்கிலத்திலும் அச்சான பத்திரிகை. நம் உயிர்மெய்யைப் போல ஓரசைக்கு ஓரெழுத்து. ஆனால் 'க'வுக்கும் 'கி'க்கும் வடிவத்தில் உறவே கிடையாது. 85 எழுத்தையும் தனித்தனியே மனத்தில் ஏற்ற வேண்டும்.

அங்கே, விரட்டப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த ஓக்லஹோமாவிலிருந்து ஒரு செரோக்கிப் பாட்டி பேரனோடு வந்திருந்தார். பத்திரிகையின் தலைப்பைப் பார்த்து நான் ஆங்கிலம் என்றே நினைத்து ஜி, டபிள்யூ, ஒய் என்று முணுமுணுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினார்: ச, ல, கி.

அதே பகுதியில் தங்கம் கிடைத்தது. ஜார்ஜியா அரசின் நெருக்கடியும் முற்றியது. 1832-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செரோக்கிகளின் பக்கம் தீர்ப்பளித்தும் அதிபர் ஜாக்சனின் அரசு அசையவில்லை. 1835-இல் ஜார்ஜியா காவல்படையினர் அச்சு இயந்திரத்தையே பறித்துக்கொண்டு போனார்கள். அந்த டிசம்பரில் செரோக்கிகளில் ஒரு சிறு குழு நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வெளியேற்றத்தை எதிர்த்து எழுதிவந்த, பத்திரிகையின் முதல் ஆசிரியர் எலையஸ் பூடினோவின் வீட்டில்தான் அது நடந்தது, அவரும் கையெழுத்திட்டார். எதிர்த்துப் பல்லாயிரம் பேர் ஒப்பமிட்ட மனுவைத் தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார். செனட்டில் ஒப்பந்தம் ஒரே வாக்கில் தப்பியது. பூடினோ 1839-இல் சொந்த மக்களாலேயே கொல்லப்பட்டார்.

அவரைத் துரோகி என்பீர்களா என்று பாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என் முன்னோர் ராஸ் பக்கம், என் கணவருடைய முன்னோர் கையெழுத்துப் போட்டவர்கள் பக்கம். ஐம்பது வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அந்தப் பேச்சை எடுப்பதில்லை" என்றார்.

நின்றுபோய்ப் பின்னாளில் மீண்டும் தொடங்கிய ஃபீனிக்ஸ் இன்று ஓக்லஹோமாவின் தாலக்வா நகரிலிருந்து வருகிறது. இணையத்தில் தேடிப் படியுங்கள். தேர்தல், பள்ளி விளையாட்டு, இரங்கல் செய்தி என்று எல்லாம் இருக்கிறது.