142-வது பிரிவு: வக்கீல் நண்பர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்

வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். உச்ச நீதிமன்றம் என்றால் 32, 136, 141 எல்லாம் மடமடவென்று ஓடிவிடும். 142-ல் வந்து வண்டி நின்றுவிடுகிறது.

‘முழுமையான நீதி’ வழங்கத் தேவையான உத்தரவைப் போடலாம் என்கிறது அந்தப் பிரிவு. 2022 மே 18-ல், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனை விடுவித்தது இதை வைத்துத்தான். தமிழக அமைச்சரவை 2018-லேயே பரிந்துரைத்தும் ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்ததால், நீதிமன்றமே முடித்துவைத்தது. சரி. ஆனால் 1998-ல் இதே நீதிமன்றம், 142-ஐக் காட்டி இருக்கிற சட்டத்தை ஓரங்கட்ட முடியாது, வக்கீல் உரிமத்தில் கைவைப்பது பார் கவுன்சில் வேலை என்று சொல்லியிருக்கிறதே! அப்படியானால் எல்லை எங்கே?

போதாக்குறைக்கு 2025 ஏப்ரல் 8-ல், இதே 142-ஐ வைத்து, தமிழக அரசின் 10 மசோதாக்கள் ஆளுநரின் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பு. நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் 143-ன் கீழ் (நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் பிரிவு) கேட்டதற்கு ஐந்து நீதிபதிகள், அப்படிக் கருத இடமில்லை என்று கருத்துச் சொல்லிவிட்டார்கள். முன்பெஞ்சுப் பெண் கேட்கிறாள்: “அப்போ அந்த 10 சட்டமும் இருக்கா இல்லையா சார்?”

கருத்து என்பது தீர்ப்பை ரத்து செய்யாது என்பது என் புரிதல். இனி வரும் வழக்குகளில் எதைப் பின்பற்றுவார்கள்? வழக்காடுகிறவர்கள் சொன்னால் நல்லது, யூடியூப் இணைப்பு வேண்டாம். 1998 தீர்ப்பு தமிழில் கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.