கேஸை எடுத்தேன், ஈபிசி எஃப்-க்கு இறங்கிவிட்டது. இனி என்ன செய்வது?

ஈஸ்ற்ஹாம்வாசி (2025 மார்ச் 4)

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஈஸ்ற்ஹாமில் எங்களுக்கு இரண்டு அறை வீடு ஒன்று இருக்கிறது. விக்டோரியா காலத்து வரிசை வீடு, 2008இல் வாங்கியது. பிள்ளைகளின் படிப்புக்காக ஹரோவுக்கு மாறிய பிறகு அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆறு வருடம் இருந்த குடும்பம் போன மாதம் வெளிக்கிட்டுப் போய்விட்டது. புது ஆட்கள் ஏப்ரல் 1 வருவதாகப் பேச்சு.

ஈபிசி என்றால், வீடு எரிசக்தியை எப்படிப் பயன்படுத்துகிறது என்று ஏ முதல் ஜி வரை தரம் போடுகிற சேர்ட்டிபிகேற். பழையது 2014இல் எடுத்தது. ஈ, 52 புள்ளி. அதன் பத்து வருடம் முடிந்துவிட்டதால் புதிதாக எடுத்தேன். எஃப், 33 என்று வந்திருக்கிறது.

வீட்டைக் கவனிக்காமல் விட்டு இப்படி வந்திருந்தால் கவலையில்லை. காசு செலவழித்துப் புள்ளியைக் குறைத்திருக்கிறேன்! 2022இல் பொய்லர் பழுதானது. வருடா வருடம் கேஸ் சேஃப்டி செக்குக்கு ஆள் பிடிக்கிற தொல்லையும் வேண்டாம் என்று பொய்லர், ரேடியேற்றர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டுகிற கரண்ட் ஹீற்றர் போட்டேன். குளிக்கிற தண்ணீருக்கு ஒரு சிலிண்டர். கேஸ் இல்லாத வீடு என்றால் புள்ளி கூடும் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று. கூரைக்கு அடியில் இருக்கிற லொஃப்டில், அப்பா இருந்த காலத்தில் சூடு வெளியே போகாமல் பஞ்சு போட்டு, மேலே பலகை அடித்தார். சேர்ட்டிபிகேற்றில் 'கூரையில் இன்சுலேஷன் இல்லை, அனுமானம்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று சொன்னேன், அளக்க வந்த பிள்ளை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏஜென்ற் இதை வைத்துக்கொண்டு ஆள் வைக்க முடியாது என்கிறார். நண்பர் ஒருவர், 150 பவுண்ட் கொடுத்தால் ஈ போட்டுத் தரும் ஆள் இருக்கிறார் என்கிறார். யாராவது விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏணிக்காரன் (மார்ச் 4)

அண்ணை, நான் ஒன்பது வருடமாக இந்த ஈபிசி அளக்கிற வேலைதான் செய்கிறேன். அந்தப் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு நான் வந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

எங்கள் வேலை இவ்வளவுதான். ஏணியில் ஏறி, லொஃப்ட் மூடியைத் தூக்கி, அடிமட்டத்தைப் பஞ்சுக்குள் குத்தி, எத்தனை மில்லிமீற்றர் என்று தெரிகிற மாதிரிப் படம் எடுக்க வேண்டும். படம் இல்லையென்றால் பஞ்சு இல்லை. அப்போது கணினி வீடு கட்டிய ஆண்டைப் பார்த்துத் தானே ஒன்றை நிரப்பும். 1900க்கு முன் கட்டிய வீடு, பலகை அடித்த லொஃப்ட், அதன்மேல் சூட்கேஸ் மலை (நம் ஆட்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும், ஊரிலிருந்து வந்த முதல் சூட்கேஸ்கூட அங்கேதான் கிடக்கும்) என்றால் 'இன்சுலேஷன் இல்லை' என்றுதான் விழும். வீட்டுக்காரர் வாயால் சொல்வதை நாங்கள் எடுக்க முடியாது. பில் இருந்தால் எடுக்கலாம். ஆனால் அதில் உங்கள் வீட்டு முகவரியும் என்ன தடிப்பில் போட்டார்கள் என்பதும் இருக்க வேண்டும்.

கரண்ட் கதைக்கு வருவோம். அந்த 33 புகைக்குப் போட்ட மார்க் இல்லை, வீட்டைச் சூடாக்க ஆகும் செலவுக்குப் போட்ட மார்க். இந்த 2025 மார்ச் விலையில் கரண்ட் ஒரு யூனிற் கிட்டத்தட்ட 25 பென்ஸ், கேஸ் 6 பென்ஸ் சொச்சம். நீங்கள் ஆறில் ஓடிய வீட்டை இருபத்தைந்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. பிறகு எப்படிப் புள்ளி நிற்கும்?

நான் என்றால் இந்த ஒழுங்கில் போவேன். முதலில் லொஃப்டில் இரண்டு பலகையைக் கழற்றிப் பாருங்கள். 100 மில்லிமீற்றர் இருந்தால் அதன்மேல் போட்டு 270 ஆக்கலாம், பெரிய செலவில்லை. பிறகு சிலிண்டரைப் பாருங்கள். மேலே உறை இல்லாவிட்டால் 80 மில்லிமீற்றர் உறை வாங்கிக் கட்டுங்கள். அறைகளில் குண்டு பல்ப் ஏதும் மிச்சம் இருந்தால் எல்ஈடி போடுங்கள். இதற்குப் பிறகும் ஈ-க்கு எட்டவில்லை என்றால்தான் ஹீற்றர். இரவு மலிவுக் கரண்டில் உள்ளே இருக்கும் கல்லைச் சூடாக்கிவைத்துப் பகலில் விடுகிற ஸ்ரோரேஜ் ஹீற்றர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் புது வகை, சூட்டை நீண்ட நேரம் பிடித்துவைப்பது, புள்ளியை நன்றாகத் தூக்கும். ஈ-க்கு 39 போதும். உங்களுக்குத் தேவை ஆறு புள்ளிதான்.

சட்டம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புது வாடகைக்கு 2018 ஏப்ரல் 1 முதல், இருக்கிற வாடகைக்கும் 2020 ஏப்ரல் 1 முதல், ஈ-க்குக் கீழே விட முடியாது. மீறினால் மூன்று மாதத்துக்குள் 2,000 பவுண்ட் வரை, அதற்கு மேல் 4,000 வரை, எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 5,000 வரை கவுன்சில் அபராதம் போடலாம். ஆனால் வாட் வரி உட்பட 3,500க்கு மேல் செலவழிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அவ்வளவையும் செலவழித்தும் ஈ வரவில்லை என்றால், பில்களோடு அரசாங்க விலக்குப் பதிவேட்டில் பதியலாம், ஐந்து வருடத்துக்குச் செல்லும். செலவழிக்காமல் பொய்யாகப் பதிந்தால் அதற்குத் தனியாக 1,000 வரை. இதில் ஒன்று முடியும் வரை ஏப்ரல் 1 ஆட்களோடு கையெழுத்து வைக்காதீர்கள்.

அந்த 150 பவுண்ட் ஆளைப் பற்றி: நாங்கள் எடுக்கிற படம், குறிப்பு எல்லாம் எங்களைப் பதிந்து வைத்திருக்கிற அமைப்பு எந்த நேரமும் கேட்டுச் சரிபார்க்கும். ஆள் பிடிபட்டால் அவன் பிழைப்பு போகும், உங்கள் சேர்ட்டிபிகேற்றும் நிற்காது.

கோவென்ட்ரி அக்கா (மார்ச் 5)

நான் மதுரைப் பக்கம், இங்கே வந்து பதினெட்டு வருஷம். விலக்கு பற்றி ஒரு விஷயம். அது வீட்டோடு வராது, உரிமையாளரோடு போய்விடும். குடியிருப்பவரோடு சேர்த்து ஒரு வீடு வாங்கினேன். 'ஐந்து வருஷ விலக்கு இருக்கிறது, கவலைப்படாதீர்கள்' என்று விற்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, புது உரிமையாளருக்கு ஆறு மாதத் தவணைதான். ஆறாவது மாதம் என்னிடம் மூன்று கொட்டேஷனும் தலைவலியும் இருந்தன.

எப்படியும் 2030க்குள் சி வேண்டும் என்று அரசு பேசிக்கொண்டிருக்கிறதே. ஒரேயடியாகச் சுவருக்கும் இன்சுலேஷன் போட்டு சி-க்குப் போய்விட்டால் என்ன? தம்பி ஏணிக்காரன் சொல்லட்டும்.

ஏணிக்காரன் (மார்ச் 5)

அக்கா, அவசரப்பட வேண்டாம் என்பேன். 2020லேயே இப்படி ஒரு திட்டம் போட்டார்கள்: 2025 முதல் புது வாடகைக்கு சி, 2028 முதல் எல்லாவற்றுக்கும் சி. பலர் பயந்து வீட்டையே விற்றார்கள். 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சூனக் அதைக் கைவிட்டார். இப்போது இருப்பது இந்த 2025 பிப்ரவரியில் வந்த ஆலோசனை. 2030, சி, வீட்டுக்கு 15,000 வரை என்று முன்மொழிந்திருக்கிறார்கள். கருத்துச் சொல்ல 2025 மே 2 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். சட்டமாகும்போது எந்த உருவத்தில் வரும் என்று பார்த்துவிட்டுச் சுவரைத் தொடலாம்.

அதோடு சுவர் வேலை சரியில்லை என்று ஜனவரியில்தான் 39 கம்பனிகளை அரசு நிறுத்திவைத்தது. செங்கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் ஈரம் அடைபட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். லொஃப்ட் பஞ்சு அப்படியில்லை, பிழைத்தால் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

வாடகைக்காரன் (மார்ச் 6)

வீட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் குடியிருப்பவன் ஒருவன் நுழைகிறேன், மன்னியுங்கள். அந்தச் சுவர் ஹீற்றர்தான் எங்கள் வீட்டிலும். ஜனவரியில் மீற்றருக்கு வாரம் நாற்பது பவுண்ட் போட்டோம். அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுப்பாகிவிட்டது. தபால் எண்ணைப் போட்டால் யார் வீட்டு ஈபிசியும் அரசாங்கத் தளத்தில் இலவசமாகத் தெரியும். எங்கள் வீட்டைத் தேடினேன், ஜி, 19. இப்போது வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈஸ்ற்ஹாம் அண்ணை புள்ளிக்காகச் செய்தாலும் சரி, செய்துவிடுங்கள்.

ஈஸ்ற்ஹாம்வாசி (ஏப்ரல் 17)

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக ஏணிக்காரன் தம்பிக்கு. ஏப்ரல் 1 ஆட்களிடம் உள்ளதைச் சொல்லி மூன்று கிழமை தவணை கேட்டேன். நல்ல மனிதர்கள், ஒத்துக்கொண்டார்கள்.

பலகையைக் கழற்றினால் அப்பா போட்ட மஞ்சள் பஞ்சு அப்படியே இருக்கிறது, அளந்தால் சரியாக 100. மேலே 170 போட்டோம். சிலிண்டருக்கு உறை கட்டினோம். ஸ்ரோரேஜ் ஹீற்றர் ஹோலுக்கும் இரண்டு அறைக்கும் மட்டும். வயறிங் கூலியும் வாட்டும் சேர்த்து மொத்தம் 3,240 பவுண்ட். அதே பிள்ளையைத்தான் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை லொஃப்டுக்குள் முழங்காலில் போய் மூன்று இடத்தில் அடிமட்டம் குத்திப் படம் எடுத்தார். ஈ, 50.

2014இல் 52 இருந்தது. கேஸை எடுக்கக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்க்க மனைவி விடவில்லை.

புது ஆட்கள் வருகிற ஞாயிறு வருகிறார்கள். ஸ்ரோரேஜ் ஹீற்றரில் 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டு திருகி இருக்கிறது. இரவில் எதை எவ்வளவு வைக்கச் சொல்ல வேண்டும், தம்பி?

ஏணிக்காரன் (ஏப்ரல் 17)

படுக்கப் போகும்போது 'வெளியே'யை மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் சூடு தீர்ந்துவிடும். 'உள்ளே'யை அடுத்த நாள் குளிரைப் பார்த்து வைக்கலாம். கம்பனியிடம் இரவு விலைக்கு மாற்றிக் கேட்கவும் சொல்லுங்கள், அதை மறந்துவிட்டால் பில் பழையபடிதான்.