புதுப்பிப்பு: மெக்னீசியம் கணக்கில் நான் செய்த பிழை

4.86 கிராம் மெக்னீசியம் முழுமையாக எரிய எத்தனை கிராம் ஆக்சிஜன் தேவை என்று முன்பு கேட்டிருந்தேன். எனக்குக் கிடைத்த விடை 2.43 கிராம், புத்தகத்தின் விடையோ 3.2 கிராம். 2Mg + O₂ → 2MgO என்ற சமன்பாட்டில் மெக்னீசியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள 2:1 என்ற விகிதத்தை நிறைகளின் விகிதமாக எடுத்துக்கொண்டதே என் பிழை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அந்த எண்கள் துகள்களின் எண்ணிக்கையை, அதாவது அந்த எண்ணிக்கையை அளக்கும் அலகான மோல்களைக் குறிப்பவை. ஆகவே கிராமை முதலில் மோலாக மாற்றாமல் அவற்றைத் தொடவே கூடாது.

மெக்னீசியத்தின் மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) 24.3 கிராம் என்பதால் நம்மிடம் இருப்பது 0.2 மோல், அதற்குத் தேவையான ஆக்சிஜன் 0.1 மோல். இங்கே மீண்டும் ஒருமுறை வழுக்கினேன்: ஒற்றை ஆக்சிஜன் அணுவுக்குரிய 16 ஆல் பெருக்கி 1.6 கிராம் என்று எழுதினேன். ஆக்சிஜன் வாயு ஈரணு மூலக்கூறு ஆகையால் பெருக்க வேண்டியது 32 ஆல்.

இந்த இரண்டாம் பிழையைக் காட்டிக்கொடுத்தது, வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்ற நிறை அழியா விதி. உருவாகும் 0.2 மோல் மெக்னீசியம் ஆக்சைடின் நிறை 8.06 கிராம், 4.86 உடன் 3.2 ஐக் கூட்டினால்தான் அது வருகிறது. ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்பதைச் சொல்லும் அவகாட்ரோ எண் இக்கணக்கில் எங்குமே தேவைப்படவில்லை என்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.