ஞாயிறு நாலு மணிக்கு மண்டல் அறை

குழு: நம்ம பில்டிங் தமிழ் குடும்பங்கள், தாராவி

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் நடந்த ஹிப்ஹாப் பயிற்சி நேற்றோடு முடிந்தது, ராப் பாட்டு, வாயாலேயே தாளம் வாசிக்கிற பீட்பாக்ஸ், தரையில் ஆடுகிற பிரேக்கிங் சொல்லிக்கொடுக்க வந்த மூன்று கலைஞர்களும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இனி நம் பிள்ளைகள் எங்கே பழகுவார்கள்? நேற்று ராத்திரியே மாடிப்படி வளைவில் ஒருவன் தலைகீழாக நிற்கிறான், பக்கத்தில் தண்ணீர் டிரம். கீழே இருக்கும் மண்டல் அறையை, நம் கணபதி விழாச் சங்கத்தின் பொது அறையை, ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்துவிடலாமா பாண்டியன் அண்ணே?

பாண்டியன்: அதில் கணபதி பந்தல் மூங்கில், சீரியல் லைட்டு எல்லாம் அடைந்து கிடக்கிறதே அம்மா. பள்ளியில் ஆடினார்கள், சந்தோஷம், அதோடு விடலாமே. பத்தாவது எழுதுகிற பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

முத்துலட்சுமி: எனக்கும் மனசு ஒப்பவில்லை. ராப் என்றாலே கெட்ட வார்த்தை, கஞ்சா என்றுதான் கேள்விப்படுகிறோம். என் சின்னவள் மேடையில் ஏறி வீட்டு விஷயத்தை எல்லார் முன்னாலும் பாடிவிட்டாள், அவள் அண்ணன் நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை.

செல்வி: அத்தை, கோபப்படாதீங்க, அந்த நாலு வரியை இங்கே போடுகிறேன், வராதவர்களும் படிக்கட்டும்.

தண்ணி வருது அஞ்சு மணி, தூக்கம் போச்சு,
எண்ணிப் பாரு ஏழு குடம், ஏணி ஏறியாச்சு,
அண்ணன் இன்னும் தூங்குறான், என் கை காய்ச்சே போச்சு,
கண்ணைத் திறந்து பாரு அண்ணே, உன் முறையும் ஆச்சு!

இதில் எது அத்தை கெட்ட வார்த்தை? எட்டாவது படிக்கிற பிள்ளை, வீட்டில் வாய் திறந்து கேட்க முடியாததைத் தாளத்தில் வைத்துக் கேட்டிருக்கிறாள்.

ரோசி டீச்சர்: அதை அவள் எப்படி எழுதினாள் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், சொல்கிறேன். முதல் நாள் அந்த ராப் பாடகர் யாரையும் பாடச் சொல்லவில்லை. உங்கள் சந்தில் காலையில் என்ன சத்தம் கேட்கும், என்ன வாசனை வரும், எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அவருக்கு இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். ஆனாலும் வீட்டில் பேசுகிற மொழியில் எழுதுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவள் தமிழில் எழுதினாள். அவர் காட்டியது வரிக்கடைசியில் ஓசை சேர்ப்பது. நான் போய், நம் செய்யுளில் அடியின் இரண்டாவது எழுத்து ஒன்றினால் எதுகை, அதையும் வைத்துப் பார் என்றேன். தண்ணி, எண்ணி, அண்ணன், கண்ணை என்று அப்படி வந்ததுதான். எதுகை மோனையைப் பல வருஷமாகப் பரீட்சைக்காகவே நடத்தியிருக்கிறேன், ஒரு பிள்ளை அதைத் தேடி வந்து கேட்டது இப்போதுதான்.

கார்த்திக்: பாண்டியன் மாமா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பீட்பாக்ஸ் சொல்லிக்கொடுத்த அண்ணன் டிரம் செட்டின் கிக், ஹை-ஹாட், ஸ்நேர் மூன்று சத்தத்தையும் வாயிலேயே வாசித்துக் காட்டினார். "பூட்ஸ் அண்ட் கேட்ஸ்" என்று வேகமாகச் சொல்லச் சொல்லி, அப்புறம் உயிரெழுத்தை எல்லாம் உருவிவிட்டு வெறும் காற்றில் சொல்லச் சொன்னார். அப்போது உங்கள் பேரன் எழுந்து தகதிமி தகஜுணு என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். அந்த அண்ணன் அப்படியே நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல் என்று தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசித்தார்கள்.

பாண்டியன்: அவனா சொன்னான்? வீட்டில் தவில் பக்கமே வரமாட்டானே. நாலுக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, அஞ்சுக்குத் தகதகிட, அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன்.

கார்த்திக்: மூன்றையும் சொன்னான் மாமா. வீடியோ இருக்கிறது, தனியாக அனுப்புகிறேன்.

முத்துலட்சுமி: சரி, எழுத்து, தாளம் எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தரையில் விழுந்து புரள்கிற ஆட்டம் பெண் பிள்ளைக்கு எதற்கு? கையைக் காலை உடைத்துக்கொண்டால் சயான் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட வேண்டும்.

செல்வி: பிரேக்கிங் சொல்லிக்கொடுத்ததும் பெண்தான் அத்தை. அவள் வந்ததும் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? உட்கார்ந்து உள்ளங்கையால் வகுப்பறைத் தரை முழுக்கத் தடவிப் பார்த்தாள், ஆணி, சில்லு ஏதாவது இருக்கிறதா என்று. ஈரத்துணி கேட்டுத் தானே துடைத்தாள். அன்றைக்கு முழுக்க மணிக்கட்டைச் சுழற்றுவது, எப்படி விழுந்தால் அடிபடாது, இவ்வளவுதான் பாடம். நின்று ஆடுகிற டாப்ராக், கையை ஊன்றிக் காலைச் சுற்றுகிற சிக்ஸ்-ஸ்டெப் எல்லாம் அதற்கு அப்புறம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இருந்தது, ஜப்பானின் அமி என்ற பெண் தங்கம் வாங்கினாள்.

கஞ்சா பயம் எனக்கும் உண்டு, அதை நான் லேசாக எடுக்கவில்லை. அதனால்தான் நம் கண் முன்னால், கதவைத் திறந்து வைத்த அறையில் பழகட்டும் என்கிறேன். இடம் கொடுக்காவிட்டால் எங்கேயாவது போய்த்தானே ஆடுவார்கள்?

ரோசி டீச்சர்: இன்னொன்று. இந்த ஹிப்ஹாப்பே ஒரு பில்டிங்கின் பொது அறையில்தான் ஆரம்பித்தது என்பார்கள். நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்விக் அவென்யூ, 1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தாள். பாட்டுப் போட்டது அவள் அண்ணன், டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே பாடுவது நின்று தாளம் மட்டும் வருகிற இடத்தில்தான் கூட்டம் நன்றாக ஆடுகிறது என்று அவர் கவனித்தார். அப்புறம் ஒரே இசைத்தட்டை இரண்டு வைத்து அந்த இடத்தையே நீட்டி ஓட்டினார். பிரேக் என்கிற அந்த இடத்தில் ஆடியவர்கள்தான் பி-பாய், பி-கேர்ள். வசதி இல்லாத ஏரியாப் பிள்ளைகள் கையில் இருந்ததை வைத்து உண்டாக்கிய கலை. பிராங்க்ஸ் கதையைச் சொன்னபோது வகுப்பே கப்சிப்.

கார்த்திக்: தாராவிக்கும் இது புதுசு இல்லை. 2018இல் வந்த காலா படத்தில் நம் ஏரியாப் பையன்களும் ராப் பாடியிருக்கிறார்கள். தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட் நடத்துகிற ஆஃப்டர் ஸ்கூல் ஆஃப் ஹிப்ஹாப்பில் இலவசமாகவே சொல்லித்தருகிறார்கள், தீவிரமாகக் கற்க வேண்டும் என்கிறவர்களை அங்கே கூட்டிப் போகிறேன். ஆனால் பழக்கம் என்பது தினப்படி வேலை. பழக இடம் இல்லை என்றால் சொல்லிக்கொடுத்தது ஒரு மாதத்தில் மறந்துபோகும், வந்தவர்கள் பட்ட பாடு ஒரு ஆண்டுவிழா டான்ஸோடு நின்றுவிடும்.

பாண்டியன்: தரை டைல்ஸ் வழுக்குமே?

கார்த்திக்: பதின்மூன்றாம் காம்பவுண்டில் என் நண்பனின் அப்பா அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலை பார்க்கிறார். ஃபிரிட்ஜ் பெட்டி அட்டை பெரிசாகக் கிடைக்கும், அகலமாக டேப் போட்டு ஒட்டி விரித்தால் போதும். அந்தக் காலத்தில் நியூயார்க்கிலேயே அட்டை மேல்தான் ஆடினார்கள்.

பாண்டியன்: சரி. நாலிலிருந்து ஆறு வரை, ஒரு நிமிஷம் கூடக் கூடாது. மேல் மாடியில் நைட் டியூட்டிக்காரர் தூங்குகிறார், ஸ்பீக்கர் வேண்டாம், வாயாலேயே வாசிக்கட்டும். பத்தாவது பிள்ளைகள் டியூஷனை முடித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் பெரியவர்கள் இரண்டு பேர் உள்ளே உட்கார வேண்டும், முதல் வாரம் நான் வருகிறேன்.

செல்வி: நானும் வருகிறேன் அண்ணே. ரொம்ப நன்றி.

முத்துலட்சுமி: அண்ணன்காரன் இன்று அஞ்சு மணிக்கு எழுந்து மூன்று குடம் தூக்கினான், இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். சின்னவளை அனுப்புகிறேன். ஆனால் வீட்டைப் பற்றி எழுதினால் முதலில் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

ரோசி டீச்சர்: நியாயமான பேச்சு அத்தை. வகுப்பிலும் அதையே சொல்கிறேன்.

பாண்டியன்: சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மூங்கிலைப் பரணில் ஏற்ற வேண்டும், ஆண்கள் நாலு பேராவது வாங்க. கார்த்திக், அட்டையை அதற்கு முன்னால் கொண்டு வந்துவிடாதே, வைக்க இடம் இருக்காது.